பண்டிதருக்குக் கற்பூரமா?

தேனாம்பேட்டையிலிருந்து ஒரு தோழர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. முதலாவது, மரூன் என்னும் ஜனங்களுடைய ஞானத் தலைவர் ஒருவர் பல தேசத்தாரிடமும் போய், தம் ஜனங்களின் சரித்திரத்தையும் பழக்க வழக்கங்களையும் எடுத்துச் சொல்லி, அவை அழிந்துபோகாமல் காப்பாற்றப் பாடுபடுகின்றார் என்று தாம் படித்ததாகவும், அப்படிப்பட்டவர் நம் நாட்டு ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்குள் யாராவது உண்டா என்றும் கேட்கின்றார். இரண்டாவது, தம் பேட்டை வாலிபர்கள் சிலர் மே மாதம் 5-ந் தேதி அயோத்திதாசப் பண்டிதருடைய நினைவு நாளைக் கொண்டாட ஏற்பாடு செய்வதாகவும், அவர்களில் ஒரு சாரார் படத்திற்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டவேண்டும் என்பதாகவும், மற்றொரு சாரார் “பண்டிதர் ஒரு மதக்காரர், பகுத்தறிவுக்காரனுக்கு அவரிடத்தில் என்ன வேலை?” என்று ஒதுங்கி நிற்பதாகவும் சொல்லுகின்றார். மூன்றாவது சங்கதியை, ஏதோ சில்லறை விஷயத்தைப் போல், கடிதத்தின் கடைசியில் இரண்டு வரியில் எழுதியிருக்கின்றார். அதாவது, அதே பேட்டையில் அடுத்த வரிசையில் குடியிருக்கும் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களை இந்த ஏற்பாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களிடம் சந்தா கேட்பதே கௌரவக் குறைவு என்று சிலர் நினைக்கின்றார்கள் என்பதாம்.

நமது அபிப்பிராயத்தில் இம்மூன்று சங்கதிகளும் வேறு வேறல்ல. ஒரு ஜனசமூகம் தன் பழமையைக் காப்பாற்றுவது எதற்காக என்கின்ற ஒரே கேள்விதான் மூன்றிலும் இருக்கின்றது. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கற்பூரத்திற்கும் பதில் கிடைத்துவிடும். அடுத்த வரிசைக்கும் பதில் கிடைத்துவிடும். ஆகவே முதலிலிருந்தே சொல்லுகின்றோம்.

மரூன்கள் என்பவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து வெள்ளைக்காரக் கப்பல்காரர்களால் ஆடுமாடுகளைப் போல் ஓட்டிக்கொண்டு போகப்பட்டு, அமெரிக்கக் கண்டத்துத் தீவுகளிலும் கரையோர நாடுகளிலும் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக விற்கப்பட்டவர்களில், எஜமானனுடைய சவுக்கைச் சகியாமல் மலைக்கும் காட்டுக்கும் ஓடிப்போய், அங்கே சுதந்தரமாய் ஊர் கட்டிக்கொண்டு வாழ்ந்தவர்களும் அவர்களுடைய சந்ததியாருமே மரூன்கள். ஜமைக்காத் தீவில் இவர்களை அடக்கப் பல வருஷ காலம் சண்டை போட்டும் முடியாமல், இங்கிலீஷ் சர்க்கார் 1739-ம் வருஷத்தில் இவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சுரிநாம் தேசத்தில் டச்சுக்காரர்கள் 1760-ல் டியூகா மரூன்களோடும், 1762-ல் சாரமாக்கா மரூன்களோடும் அப்படியே உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. விலைக்கு வாங்கிய அடிமையோடு எஜமான சர்க்கார் சரிசமமாய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது என்றால், அந்த ஜனங்களுடைய வீரமும் புத்தியும் எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

ஜமைக்கா மரூன்களின் தலைவிகளில் நானி என்பவள் ஒருத்தி. அவள் போர்த் தலைவியாகவும் ஞானத் தலைவியாகவும் இருந்தாள். இன்று அந்தத் தேசத்தார் அவளைத் தேசிய வீராங்கனையாக வைத்து, 500 டாலர் நோட்டில் அவள் படத்தை அச்சடித்திருக்கின்றார்கள். வெள்ளைக்காரன் சுட்ட குண்டுகளை அவள் தன் உடம்பால் பிடித்துத் திருப்பி எறிந்தாள் என்று ஒரு கதையும் அங்கே உண்டு. நம் ஊர்ப் புராணக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் நாம் ஒன்று கேட்கின்றோம். குண்டைக் கையால் பிடிக்கத் தெரிந்தவளுக்கு மலையில் ஒளிந்துகொள்ள என்ன அவசியம்? உச்சியில் காவல் வைக்க என்ன அவசியம்? இலை தழைகளை உடம்பில் கட்டிக்கொண்டு காடு என்று நினைக்கும்படி நிற்க என்ன அவசியம்? அவர்களைக் காப்பாற்றியது மந்திரமல்ல. மலையின் வழி தெரிந்த அறிவும், கட்டுப்பாடும், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காத ஒற்றுமையுமேயாகும்.

அவர்களிடம் ‘அபெங்’ என்று ஒரு கொம்பு இருக்கின்றது. மாட்டுக் கொம்பிலே செய்தது. தோட்டக்காரன் அதை ஊதி அடிமைகளை வேலைக்கு இழுத்தான். மரூன்கள் அதையே ஊதிச் சிப்பாய்கள் வருகின்றார்கள் என்று மலைக்கு மலை சேதி சொன்னார்கள். கொம்பு ஒன்றுதான், ஊதினவன் யார், எதற்காக ஊதினான் என்பதிலேதான் அது அடிமைச் சின்னமா சுதந்தரச் சின்னமா என்பது இருக்கின்றது. நம் நாட்டுப் பறையும் அப்படித்தான். “நீ இன்ன ஜாதி, ஆகவே இழவுக்கு வந்து அடி” என்று கட்டளையிட்டபோது அது இழிவு. அடிக்கமாட்டேன் என்று ஒருவன் மறுத்தது சுயமரியாதை. தனக்குப் பிரியமிருந்து, தன் கலையென்று மேடையில் நிமிர்ந்து நின்று ஒருவன் அடித்தால் அதுவும் சுயமரியாதையே. தோலிலும் கட்டையிலும் மானமுமில்லை, அவமானமுமில்லை.

ஜமைக்காவிலுள்ள மூர் டவுன் மரூன்களுடைய பாட்டு, பேச்சு, மருந்து, கொம்பு முதலியவைகளை 2003-ம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு ஸ்தாபனமாகிய யுனெஸ்கோ மனித குலத்தின் அரிய சொத்து என்று பிரகடனம் செய்தது. சுரிநாம் சாரமாக்கா ஜனங்களோ, தங்கள் காட்டைத் தங்கள் சம்மதமின்றிச் சர்க்கார் கம்பெனிகளுக்கு மரம் வெட்டக் கொடுத்ததை எதிர்த்து அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2007-ல் தங்கள் பக்கம் தீர்ப்பு வாங்கினார்கள். கடிதத் தோழர் படித்த ஞானத் தலைவர் செய்கின்ற வேலை இந்த வழியில் வந்ததேயாகும். படையில்லை, கொடியில்லை, ஸ்தானாபதி உத்தியோகமில்லை. ஆனாலும் “நாங்களும் ஒரு ஜனங்கள், எங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு” என்று உலகத்தின் முன் போய்ச் சொல்வதற்குத் தூது என்று பெயர்.

சரி, அப்படிப்பட்ட தூதர் நமக்கு உண்டா? உண்டு. தேனாம்பேட்டையிலிருந்து கால்நடையாய்ப் போகக்கூடிய தூரத்தில், இராயப்பேட்டையிலேயே இருந்தார். அவர்தான் தேனாம்பேட்டை வாலிபர்கள் படம் வைக்கப் போகும் அயோத்திதாசப் பண்டிதர்.

பண்டிதர் 1845-ம் வருஷத்தில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயரையே பிற்பாடு தமக்கு வைத்துக்கொண்டார். சித்த வைத்தியம் செய்து ஜீவித்தார். அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் சமையற்காரர்களுக்கு மேலாளாக வேலை பார்த்தவர். திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் தம் துரையின் மூலமாக எல்லிஸ் துரைக்குக் கொடுத்ததாகப் பண்டிதரே எழுதி வைத்திருக்கின்றார். அந்த எல்லிஸ் துரை சென்னையில் கலெக்டராயிருந்தபோது தண்ணீர்ப் பஞ்சத்திற்காகக் கிணறுகள் வெட்டுவித்து, 1818-ல் இராயப்பேட்டையில் ஒரு கல்வெட்டும் நிறுத்தி, அதில் குறளையும் பொறித்தார். இன்று ‘உலகப் பொதுமறை’ என்று மேடைதோறும் முழங்குகின்றோமே, அதைக் கரையானுக்கும் நெருப்புக்கும் தப்புவித்துக் காத்துவந்த வீடுகளில் சேரி வீடும் ஒன்று என்பதை எத்தனை மேடையில் சொல்லுகின்றோம்? படிக்கக்கூடாதவன் என்று சொல்லப்பட்டவன் வீட்டுப் பரணில் ஓலைச்சுவடி இருந்தது. இதற்கு மேல் அந்தச் சாஸ்திரத்திற்குச் செருப்படி வேறு என்ன வேண்டும்?

பண்டிதர் 1891-ல் திராவிட மகாஜன சபையை ஸ்தாபித்து, நீலகிரியில் மகாநாடு கூட்டித் தீர்மானங்கள் செய்தார். 1892-ல் சென்னையில் கூடிய மகாஜன சபை மகாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போய், எல்லாத் தெய்வங்களும் பொது என்றால் எங்கள் ஜனங்களை விஷ்ணு, சிவன் கோயில்களுக்குள் ஏன் விடுவதில்லை என்று கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்த பிரதிநிதி ஒருவர் எழுந்து, உங்கள் குலத்தாருக்கு மதுரை வீரன், காட்டேரி, கறுப்பண்ணன் முதலிய தெய்வங்கள் இருக்கின்றனவே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரியவையல்ல என்றார். பண்டிதர் கெஞ்சவில்லை. அப்படியானால் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாத பள்ளிக்கூடமும், சும்மா கிடக்கும் தரிசு நிலமும் கிடைக்க வழி செய்யுங்கள் என்று கேட்டார். சாமி வேண்டாம், பள்ளிக்கூடமும் நிலமும் வேண்டும் என்று 1892-லேயே கேட்டவரை மதக்காரர் என்று சொல்லி ஒதுக்குவதற்கு, ஒதுக்குகின்றவர் அவரைவிட எத்தனை படி மேலே ஏறியிருக்க வேண்டும் என்பதைத் தோழர்கள் யோசிக்கட்டும்.

1898-ம் வருஷத்தில் பண்டிதரும், பஞ்சமர் பள்ளிக்கூட ஆசிரியரான பி. கிருஷ்ணசாமியாரும் அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டை அணுகி, எங்கள் முன்னோர் பௌத்தர்கள், நாங்கள் அந்தத் தர்மத்திற்குத் திரும்ப விரும்புகின்றோம் என்றார்கள். ஆல்காட்டோடு கொழும்புக்குப் போனார்கள். அங்கே வித்தியோதயக் கல்விச்சாலையின் தலைவர் ஹிக்கடுவே சுமங்கல தேரர் அவர்களுக்குப் பஞ்சசீலம் அளித்தார். இதை ஏதோ ஒரு மதத்தை விட்டு இன்னொரு மதத்தில் புகுந்த சடங்கு என்று மாத்திரம் நினைப்பவர்கள் விஷயத்தைப் பாதிதான் பார்க்கின்றார்கள். உள்ளூர்த் தெருவில் நடக்கவிடாமல் தடுக்கப்பட்ட ஜனங்களுடைய பிரதிநிதியை, கடலுக்கு அப்பாலுள்ள தேசத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்து, ‘நீ எங்களவன்’ என்று சொன்னார். ராஜா கொடுத்த நிருபமுமில்லை. சர்க்கார் கொடுத்த வழிச்செலவுமில்லை. இதல்லவா தூது?

திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை ஸ்தாபித்தார். பேராசிரியர் இலட்சுமி நரசுவும், பிற்காலத்தில் தொழிலாளர் தலைவராய் விளங்கிய சிங்காரவேலரும் அந்தப் பௌத்த இயக்கத்தில் கலந்து நின்றார்கள். கோலார் தங்கவயலிலும், பெங்களூரிலும், ஹூப்ளியிலும், ரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவின் நெட்டாலிலும் அதற்குக் கிளைகள் உண்டாயின. சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை செய்யப் போன தமிழ்க் கூலிகள் அவை. 1907-ம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். அடுத்த வருஷம் அது ‘தமிழன்’ என்றாயிற்று. 1914-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி இறக்கும் வரையில் அதை நடத்தினார். பண்டிதர் மறைந்த பின் நின்றுபோன அப்பத்திரிகையை 1926-ல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் மறுபடியும் தொடங்கி நடத்தினார். அவர் நம் சுயமரியாதை இயக்கத்திற்கு உற்ற தோழராக இருந்தவர். ஆகவே பண்டிதருக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்பது சரித்திரம் தெரியாத பேச்சாகும்.

இனி மத விஷயத்திற்கு வருவோம். பண்டிதர் பௌத்தர் என்பதை நாம் மறைக்கவில்லை. அவர் எழுதியவற்றில் நாம் ஒப்புக்கொள்ள முடியாதவை அநேகம் உண்டு. தீபாவளி என்பது நரகாசுரனைக் கொன்ற நாளல்ல, எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டு தேய்த்து முழுகிய நாள் என்று எழுதினார். நரகாசுரன் கதையைவிட இது புத்திக்குப் பொருத்தமாய்த்தான் இருக்கின்றது. ஆனால் பொருத்தமாய் இருப்பது வேறு, ருசுவாவது வேறு. சொற்களை உடைத்து அவர் கண்ட அர்த்தங்களில் பல, விரும்பிய இடத்தில் உடைத்துக் கண்டவை. தமிழ்நாடு முழுவதும் ஒரு காலத்தில் பௌத்தமே நிலவியது என்பது போன்ற அவருடைய முடிவுகளுக்கு அவர் காட்டிய ஆதாரம் போதாது. இவைகளை எடுத்துச் சொல்வது அவரை அவமதிப்பதாகாது. பகுத்தறிவுக்காரன் ஒருவனுக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை, அவன் எழுதியதைப் படித்து, சரியா தப்பா என்று கேட்பதுதான்.

ஆனால் அவர் ஏன் அப்படி எழுதினார் என்பதைப் பார்க்க வேண்டும். ‘நீ பிறக்கும்போதே இழிந்தவன், பிரமாவின் உடம்பில்கூட உனக்கு இடமில்லை’ என்று ஒரு கூட்டம் ஆயிரம் வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பண்டிதர், இல்லை, எங்களை இழிவாக்கினார்கள். அதற்கு முன் நாங்கள் ஜாதியற்றவர்களாய் இருந்தோம் என்று பதில் சொன்னார். 1911-ம் வருஷத்து ஜனக்கணக்கில் பௌத்தர் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று தம் ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். தீண்டாதவர்கள் முன்பு பௌத்தர்களாய் இருந்தவர்கள் என்னும் கருத்தை டாக்டர் அம்பேத்கர் 1948-ல் தம் வழியில் ஆராய்ந்து எழுதினார். அதே வருஷத்தில் இலட்சுமி நரசுவின் பௌத்த நூலைத் தாமே முன்னுரை எழுதி மறுபதிப்பும் செய்தார். 1956-ல் நாகபுரியில் இலட்சக்கணக்கான ஜனங்களோடு பௌத்தத்தில் சேர்ந்தார். நம் இயக்கத்தாரும் 1954-ல் ஈரோட்டில் புத்தர் கொள்கைப் பிரசார மாநாடு கூட்டியதுண்டு. நமக்கு எந்த மதமும் வேண்டாம் என்பதே நம் முடிவு. ஆனாலும் புத்தியை உபயோகி என்று சொல்லி ஜாதியை மறுத்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மனிதன் நிமிர்வதற்கும், ஜாதியைக் கற்பித்த சாமியின் காலில் விழுந்து கிடப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களல்ல நாம்.

பண்டிதர் காலமான பின் அவருக்கு நேர்ந்தது என்ன? தேசத் தலைவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுடைய தும்மலையும் இருமலையும்கூடப் புஸ்தகமாய் அச்சிட்ட இந்நாட்டில், பண்டிதர் ஏழு வருஷ காலம் வாரந்தோறும் எழுதியவை எண்பது வருஷத்திற்கு மேல் பொதுஜனங்கள் கண்ணில் படவில்லை. 1999-ல் ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுத்து, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையம் வெளியிட்ட பிறகே படிக்கக் கிடைத்தன. அதுவரை அந்தப் பழைய காகிதங்களை மடித்துக் கட்டிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற சில தொண்டர்களும், பெயர் தெரியாத பௌத்தக் குடும்பத்தாருமேயாவர். அரண்மனையில்லை, மடமில்லை, தேவஸ்தானமில்லை. பாட்டனார் ஓலையைக் காத்தார். அவர் வழியில் வந்த ஜனங்கள் காகிதத்தைக் காத்தார்கள். பாரம்பரியத்தைக் காப்பாற்றுவது என்பது இதுதான். பிற்பாடு சர்க்கார் 2005-ல் தபால் தலை வெளியிட்டார்கள்; தாம்பரத்திலுள்ள சித்த வைத்திய ஆஸ்பத்திரிக்கு அவர் பெயர் வைத்தார்கள்; 2023-ல் கிண்டியில் மணிமண்டபமும் திறந்தார்கள். சந்தோஷமே. ஆனால் மண்டபம் கல்; எழுத்து அறிவு. கல்லைச் சுற்றி வருகின்றவன் எழுத்தைப் படிக்காமற் போனால் நாளைக்கு அந்த மண்டபமும் ஒரு கோயிலாய்விடும். தேனாம்பேட்டைக் கற்பூரம் அதற்குத்தான் அச்சாரம்.

நிற்க, இப்பொழுது கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்கு வருகின்றோம். மரூன்களைப் புகழ்ந்து எழுதினோம். ஆனால் 1739-ம் வருஷத்து உடன்படிக்கையில் ஒரு ஷரத்து உண்டு. அது என்னவென்றால், இனிமேல் தோட்டங்களிலிருந்து ஓடிவரும் அடிமைகளைப் பிடித்து எஜமானர்களிடம் ஒப்புவிக்க வேண்டும் என்பது. ஓடிப்போய்ச் சுதந்தரம் பெற்றவர்கள், பின்னால் ஓடிவருகின்றவனைப் பிடித்துக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிரதியாக அவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு 1,500 ஏக்கர் நிலமும் சமாதானமும் கிடைத்தது. பலன் என்னவாயிற்று? ஐம்பத்தாறு வருஷம் கழித்து, 1795-ல் அதே டிரலானி ஊர் மரூன்களுக்கும் சர்க்காருக்கும் சண்டை வந்தது. அடுத்த மலை மரூன்கள் சர்க்கார் பக்கம் நின்றார்கள். சண்டை முடிந்ததும் 1796-ல் ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றி நோவா ஸ்கோஷியாவின் பனியிலே கொண்டுபோய் இறக்கினார்கள். 1800-ல் அங்கிருந்து சியரா லியோனுக்கு அனுப்பினார்கள். மற்றவனைப் பிடித்துக் கொடுத்து வாங்கிய சுதந்தரம் எத்தனை தலைமுறைக்கு நின்றது என்று பார்த்தீர்களா?

பண்டிதர் விஷயத்திலும் இதைச் சொல்லாமல் விட்டால் நாம் நாணயமற்றவர்களாவோம். அவர் தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று பிரித்தார். தம் ஜனங்களைச் சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள் என்றார். குறவர், வில்லியர், அருந்ததியர் முதலியவர்களைத் தாழ்ந்த நிலையிலுள்ளவர்கள் என்று வேறாக வைத்து, தம் ஜனங்களை அவர்களோடு ஒரே பட்டியலில் சேர்க்கலாகாது என்று வாதாடினார். ஜாதி பேதமற்ற திராவிடர் என்று பெயர் சூட்டிய அதே கை, ஏணியில் கடைசிப் படியை மாத்திரம் வெட்டாமல் விட்டுவிட்டது. பண்டிதர் மனிதர், ஆகையால் தவறினார். அவரைச் சாமியாக்கிக் கற்பூரம் காட்டினால் இந்தத் தவறும் சாமியின் வாக்காகிவிடும். சாமி சொன்னதை யார் திருத்துவது? அவரை மனிதராய் வைத்தால்தான், அவர் நிறுத்திய இடத்திலிருந்து நாம் மேலே போக முடியும். கற்பூரம் வேண்டாம் என்று நாம் சொல்வதற்குச் சூடத்தின் புகையைவிட இதுவே பெரிய காரணமாகும்.

தேனாம்பேட்டை வாலிபர்களைக் கேட்கின்றோம். மயிலாப்பூர் மாடவீதிக்காரன் உங்களைச் சேர்க்கவில்லை என்று கோபப்படுகின்றீர்கள். நியாயமே. அடுத்த வரிசைத் தோழனை நீங்கள் சேர்க்கவில்லையே, அதற்கு யார் கோபப்படுவது? அவன் சாக்கடைக் குழியில் இறங்குகின்றான், விஷவாயுவில் சாகின்றான். மனிதனை மலம் அள்ள வைக்கக்கூடாது என்று 1993-லும் 2013-லும் சட்டம் செய்தும் சாவு நிற்கவில்லை. அவன் அள்ளுவது உங்கள் வீட்டு மலத்தையும் சேர்த்துத்தான். அவனிடம் சந்தா வாங்குவது கௌரவக் குறைவு என்றால், உங்களுடைய கௌரவம் எங்கிருந்து வந்தது? மேல்ஜாதிக்காரனிடம் இரவல் வாங்கியதல்லவா? தனக்குக் கீழே ஒருவனை மிதித்துக்கொண்டு பெறுகின்ற மானத்திற்குப் பெயர் மானமல்ல. நம்மை மிதித்தவனுடைய புத்தியையே நாம் சுவீகரித்துக்கொண்டோம் என்பதற்கு அது ருசு.

இன்னொன்றும் சொல்லுகின்றோம். பாரம்பரியத்திற்கு உட்கார இடம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகின்ற தறுவாயில், உங்கள் தேனாம்பேட்டையிலேயே ஆல்காட் சேரிப் பிள்ளைகளுக்காகத் தாமோதர் பெயரால் இலவசப் பள்ளிக்கூடம் ஒன்று திறந்தார். அடையாற்றிலும், கோடம்பாக்கத்திலும், மயிலாப்பூரிலும் அப்படியே திறந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளின் பேரன் பேத்திகள் இன்று எங்கே இருக்கின்றார்கள்? நடுச் சென்னையிலும் ஆற்றங்கரைகளிலும் இருந்த குடிசைகளைப் பெயர்த்து, கண்ணகி நகரிலும், செம்மஞ்சேரியிலும், பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வேலை இங்கே, வீடு அங்கே, பள்ளிக்கூடம் நடுவழியில். 1892-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. நிலத்தைவிட்டு ஓட்டிவிட்டு, மரூனைக் கப்பலேற்றியது போல் நம்மவனை லாரியேற்றிவிட்டு, அவன் பறையை மாத்திரம் விழா மேடையில் ஏற்றி இது எங்கள் தொன்மை என்று காட்டினால், அது பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதா? பாரம்பரியத்திற்குக் கருமாதி செய்வதா? பள்ளிக்கூடமும் நிலமும் என்று பண்டிதர் கேட்டது இன்னும் பாக்கியிருக்கின்றது. அதைக் கேட்க ஒரு வரிசை போதாது. எல்லா வரிசையும் வேண்டும்.

ஆகவே கடிதத் தோழருக்கு நாம் சொல்லும் யோசனை இதுதான். மே 5-ந் தேதி கூட்டத்தைக் கட்டாயம் நடத்துங்கள், ஒதுங்காதீர்கள். படம் வைக்க இஷ்டமிருந்தால் வையுங்கள்; கற்பூரத்திற்கும் தேங்காய்க்கும் ஆகும் பணத்திற்குப் பண்டிதருடைய கட்டுரைத் தொகுதியை வாங்கிப் படிப்பகத்தில் போடுங்கள். கூட்டத்தில் அவருடைய கட்டுரை ஒன்றை வாசித்து, அதில் சரி எது தப்பு எது என்று சிறுவர்களும் பெண்களும் எழுந்து கேட்க இடங்கொடுங்கள். உங்கள் பேட்டைக் கிழவர் கிழவிகளை உட்காரவைத்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் படித்தார், எந்தக் கிணற்றில் யாரைத் தண்ணீர் எடுக்கவிடவில்லை, யார் முதன்முதல் மறுத்தார் என்பதைக் கேட்டு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வையுங்கள். அந்த நோட்டுப் புஸ்தகம் உங்களுடைய ஓலைச்சுவடி. எந்தச் சர்க்காரும் அதை உங்களுக்காக எழுதித் தரமாட்டாது.

இவைகளுக்கெல்லாம் முன்னதாக, சந்தாப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போங்கள். முதல் ரசீதை அங்கே கிழியுங்கள். அந்த வரிசையிலிருந்து ஒருவரை, ஆணானாலும் பெண்ணானாலும், அன்றையக் கூட்டத்திற்குத் தலைமை வகிக்கச் சொல்லுங்கள். பண்டிதர் கொழும்புக்குக் கடல் கடந்து போனார். நீங்கள் கடக்க வேண்டியது ஒரு சந்து. அதைக் கடக்காதவர்களுக்குப் பண்டிதருடைய பெயரைச் சொல்லவும் யோக்கியதை கிடையாது என்பதே நமது அபிப்பிராயம்.